பாறையில் இறுகிய ஆப்பும் பலர் போட்ட பணமும்: திரள்நிதி பற்றிய எளிய விளக்கம்

சுவிட்சர்லாந்தில் வாழும் என் அக்காவின் மகனுக்குப் பாறை ஏறுவதென்றால் உயிர். ஏறுபவர்கள் பாறை வெடிப்புகளில் செருகிச் செல்லும் காப்புக் கருவிகள் சிலவேளை உள்ளேயே இறுகிவிடும். அவற்றை வெளியே எடுப்பதற்கென்று யாரோ புதிதாக வடிவமைத்த ஒரு கொக்கிக் கருவிக்கு, அது கடைக்கு வருவதற்கு முன்னரே, இணையத்தின் வழியாக அவன் பணம் கட்டினான். எட்டு மாதத்தில் கையில் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட பொருள் பதினாறு மாதம் கழிந்தும் வந்து சேரவில்லை. விடுமுறைக்கு மட்டக்களப்பின் கல்லடிக்கு வந்திருந்தபோது இதை அவன் சொல்லப்போக, முற்றத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு வழங்கினார்கள். இணைய வியாபாரத்தில் ஏமாந்துவிட்டான் என்றார் ஒருவர். நன்கொடை கொடுத்தவன் பொருள் எங்கே என்று கேட்கலாமா என்றார் இன்னொருவர். அந்தக் கம்பனியில் அவனுக்குப் பங்கு இருக்கிறது, பொறுத்திருந்தால் இலாபம் வரும் என்று மூன்றாமவர் உறுதியாகச் சொன்னார்.

மூன்று தீர்ப்பும் பிழை. அவன் கட்டியது விலையும் இல்லை, நன்கொடையும் இல்லை, பங்கு முதலும் இல்லை. மூன்றின் சாயலும் கொஞ்சம் கொஞ்சம் கலந்த வேறொன்று. கிரவுட்ஃபண்டிங் என்று எல்லோரும் அழைக்கும் அதைத் தமிழில் திரள்நிதி என்கிறார்கள். ஒரு காரியத்துக்கு வேண்டிய முதலை ஒரு வங்கியிடமோ ஒரு முதலாளியிடமோ பெறாமல், பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாத பலரிடமிருந்து சிறு சிறு தொகைகளாகத் திரட்டுவதே அதன் பொருள். உயர்தர வகுப்புக்கு நெடுங்காலம் கணக்கீடு கற்பித்தவன் என்ற முறையில், இந்தச் சொல் எங்கள் பக்கத்தில் படும் பாட்டைக் கண்டு, அந்தக் கொக்கிக் கருவியையே எடுத்துக்காட்டாக வைத்து இதை எழுதுகிறேன்.

ஊரில் முன்பே இருக்கும் வழக்கங்கள்

பலர் சேர்ந்து பணம் போடுவது எங்களுக்குப் புதிதன்று. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெரும்பாலான ஊர்களில் மரணாதார சங்கம் இருக்கிறது. கோயில் திருப்பணிக்கும் பள்ளிவாசல் கட்டடத்துக்கும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருகிறார்கள். திருப்பணிக்குக் கொடுத்தவர் எதையும் திருப்பி எதிர்பார்ப்பதில்லை. இது நன்கொடை வகை. ஒருவரின் சத்திரசிகிச்சைக்கு இணையத்தில் உதவி கேட்பதும் இதைச் சேர்ந்ததே. சீட்டுப் பிடிப்பதில் போட்ட பணம் முறை வரும்போது திரும்பி வருகிறது. கடன் வகைத் திரள்நிதி இதற்கு உறவு. கரைவலையில் வலையும் தோணியும் கொடுத்தவருக்குப் பிடிபட்ட மீனில் பங்கு உண்டு, மீன் படாத நாளில் அவருக்கும் வெறுங்கைதான். பங்கு வகை இதைப் போன்றது.

என் மருமகன் சேர்ந்தது நான்காவது வகையில். அதற்கு நல்ல உவமை எங்கள் நூல் வெளியீட்டு விழாக்களில் இருக்கிறது. உள்ளூர்க் கவிஞர் ஒருவருக்குத் தொகுப்பை அச்சிட வேண்டும். அச்சகத்துக்குக் கட்டக் கையில் காசில்லை. நண்பர்கள் இருபது பேரிடம் பிரதிக்குரிய பணத்தை முன்கூட்டியே வாங்கி அச்சகத்தில் கட்டுகிறார். நூல் வந்ததும் அவர்களுக்குப் பிரதிகளைக் கொடுக்கிறார். மீதிச் செலவை விழா மேடை ஈடுசெய்கிறது. முதற்பிரதி பெறுபவர் கடித உறைக்குள் வைப்பது நூலின் விலையைப் போலப் பல மடங்கு. சிறப்புப் பிரதி பெறுபவர் அதைவிடக் குறைவாகவும், வரிசையில் நிற்கும் மற்றவர்கள் விலையை மட்டுமாகவும் வைக்கிறார்கள். எல்லோருக்கும் கிடைப்பது ஒரே நூல்தான் என்றாலும், அது வெளிவர வேண்டும் என்பதில் யாருக்கு எவ்வளவு அக்கறையோ அந்த அளவுக்குத் தொகை ஏறி இறங்குகிறது. வெகுமதி வகைத் திரள்நிதி என்பது இதுவே: இன்னும் இல்லாத ஒரு பொருளுக்குப் பலர் முன்பணம் தருகிறார்கள், அந்தப் பணத்தைக் கொண்டு பொருள் உண்டாகிறது, பின்னர் அது அவர்களுக்கு வந்து சேர்கிறது. இப்படிப் பணம் தருபவரை இனி ஆதரவாளர் என்று குறிப்பிடுகிறேன்.

இணையம் வருவதற்கு முன்பும் இது பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1885 இல் நியூயோர்க்கில் சுதந்திரதேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதாமல் வேலை தடைப்பட்டபோது, பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் தமது வாசகர்களிடம் கையேந்தினார். எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் பெயரை அச்சிடுவேன் என்றார். இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கொடுத்து, ஓர் இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஒரு டொலருக்கும் குறைந்த கொடைகள். இன்று அந்தப் பத்திரிகையின் இடத்தில் இணையத்தளங்கள் இருக்கின்றன. இண்டிகோகோ 2008 இலும் கிக்ஸ்டார்ட்டர் 2009 இலும் அமெரிக்காவில் தொடங்கப்பட்டவை.

இதுவரை சொன்னதை ஒரு மூச்சில் திருப்பிப் பார்த்தால்: திரள்நிதியில் நன்கொடை, கடன், பங்கு, வெகுமதி என்று நான்கு வகை உண்டு, கருவிகளும் சாதனங்களும் பெரும்பாலும் நான்காவது வழியில் வருகின்றன, அதில் ஆதரவாளருக்குக் கம்பனியில் உரிமை எதுவும் இல்லை.

ஆப்பு ஏன் இறுகுகிறது

அந்தக் கருவி எதற்கென்று புரியாமல், அதற்கு ஏன் திரள்நிதி தேவைப்பட்டது என்பதும் புரியாது. ஆகவே கொஞ்ச நேரம் பாறைக்குப் போவோம். எங்கள் பக்கத்துப் பாறைகள், குடும்பிமலையைப் போல, பெரும்பாலும் உருண்டு மழுங்கியவை. நான் சொல்வது நேராகப் பிளந்த வெடிப்புகள் நிறைந்த மேலைநாட்டுச் சுவர்ப் பாறைகளை.

இருவர் ஒரு கயிற்றில் ஏறுகிறார்கள். முன்னால் ஏறுபவர் சில அடிகளுக்கு ஒரு தரம் வெடிப்புக்குள் ஓர் உலோகத் துண்டைச் செருகி, அதில் தொங்கும் வளையத்தில் கயிற்றைக் கோத்துக்கொண்டு மேலே போகிறார். தவறி விழுந்தால் அந்தத் துண்டு கயிற்றைத் தாங்கிப் பிடிக்கும். இதைத்தான் காப்புக் கருவி என்றேன். பின்னால் வருபவர் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். எனவே இறுகியதோடு மல்லுக்கட்டும் பாடு எப்போதும் பின்னவருக்கே உரியது. என் மருமகன் பெரும்பாலும் பின்னவன். அவன் கடனட்டையை எடுத்த காரணம் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

காப்புக் கருவியில் எளியது நட் எனப்படுகிறது. முற்காலத்தில் பிரித்தானியர் வெடிப்புக்குள் கூழாங்கல்லைச் செருகி அதைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பிறகு தண்டவாளப் பாதையோரம் பொறுக்கிய இரும்பு நட்டுகளில் கயிறு கோத்துக் கொண்டுபோனார்கள். பெயர் அப்படி வந்தது. இப்போதைய நட் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் ஒடுங்கிய சிறிய உலோக ஆப்பு, அதன் அடியில் ஒரு கம்பி வளையம், அவ்வளவுதான். கீழ்நோக்கி ஒடுங்கும் வெடிப்பில் அதை மேலிருந்து இறக்கினால் ஓர் இடத்தில் நின்றுகொள்ளும். பாரம் விழ விழ இன்னும் இறுகும். ஆப்பசைத்த குரங்கின் கதையைப் படித்தவர்களுக்கு ஆப்பின் குணத்தை விளக்க வேண்டியதில்லை. இறுகுவதே அதன் பயன், அந்த இறுக்கமே எடுக்கும்போது பகை. அதை எடுக்க, இறங்கிய வழியிலேயே திரும்ப மேலே தள்ள வேண்டும். நங்கூரம் கடலடிப் பாரில் சிக்கினால் எந்த மீனவரும் சிக்கிய பக்கமே இழுத்துக்கொண்டிருக்கமாட்டார்; தோணியைச் சுற்றிக் கொண்டுபோய் எதிர்ப்பக்கமிருந்து இழுப்பார். நட் கீ என்னும் தட்டையான, நுனியில் கொக்கியுள்ள உலோகப் பட்டி அந்த வேலைக்காகவே பல காலமாக விற்பனையில் இருக்கிறது.

சிக்கல் கூடியது கேம் என்ற மற்றக் கருவி. ஓர் அச்சில் மூன்று அல்லது நான்கு வளைந்த தகடுகள் பொருத்தப்பட்டிருக்கும். சுருள்வில் அவற்றை எப்போதும் வெளிப்பக்கமாக விரித்துக்கொண்டிருக்கும். தண்டில் உள்ள ஒரு குறுக்குப் பிடியை இரு விரலால் இழுத்தால் தகடுகள் ஒடுங்கும். வெடிப்புக்குள் வைத்துப் பிடியை விட்டால் விரிந்து இரு சுவர்களிலும் ஊன்றிக்கொள்ளும். 1970களில் அமெரிக்கரான ரே ஜார்டின் இதை உருவாக்கினார். 1978 இல் இது பிரெண்ட் என்ற பெயரில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. இதன் தத்துவத்தை அறிய, ஒடுங்கிய கிணற்றுக்குள் இரு காலையும் இரு பக்கச் சுவரில் ஊன்றி நிற்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தோளில் பாரம் ஏற ஏறக் கால்கள் சுவரை மேலும் வலுவாக அழுத்தும். அழுத்தம் கூடக் கூட வழுக்காமல் பிடிக்கும் உராய்வும் கூடும். கேமின் தகடுகள் ஏறத்தாழ 14 பாகைக் கோணத்தில் சுவரைத் தொடுமாறு வளைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கோணத்தில், கீழே இழுக்கும் விசை எவ்வளவோ அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விசை ஒவ்வொரு சுவர்மீதும் அழுத்துகிறது.

கேம் சிக்கும் விதம் இரண்டு. வெடிப்புக்குப் பெரிதான ஒன்றை முழுதாக ஒடுக்கித் திணித்தால், மீண்டும் வெளியே எடுக்க இன்னும் கொஞ்சம் ஒடுக்க வேண்டும், ஆனால் ஒடுங்க இடமே மிச்சமிராது. மற்றது, கயிறு ஆட ஆடக் கேம் தானாகவே உள்ளே நடந்து போய்விடுவது. அப்போது ஒடுங்க இடம் இருக்கும்; பிடிக்கு விரல் எட்டாது. கிணற்றில் வாளி விழுந்தால் எட்டிப் பிடிக்கக் கை போதாமல் பாதாளக்கரண்டியைத் தேடுகிறோமே, அதே நிலை. பலர் இரண்டு நட்டுகளின் கம்பி வளையங்களைக் குறுக்குப் பிடியின் இரு முனையிலும் மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் கழன்றால் மற்றப் பக்கம் கோணலாக இழுபட்டு இன்னும் சிக்கும். புதிய கருவி செய்ய வேண்டியது, வெடிப்புக்குள் நுழையும் அளவுக்கு மெல்லியதாக இருந்து, இரு முனையையும் ஒரே சீராக இழுத்து, அதே நேரம் தண்டை உள்ளே அழுத்திப் பிடிப்பது. ஒரு கேமின் விலை பெரும்பாலும் 60 டொலருக்கு மேல் போகும் நிலையில், அப்படி ஒன்று இருந்தால் அது முதல் மீட்பிலேயே தன் செலவை ஈடுசெய்துவிடும்.

இந்தப் பகுதியிலிருந்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. இரண்டாவது விதச் சிக்கலுக்கே அந்தக் கருவி மருந்து. முதலாவதில் பிடியை எவ்வளவு இழுத்தாலும் தகடு ஒடுங்காது. சிக்கிய எதையும் எடுத்துத் தரும் என்று ஒரு திட்டம் விளம்பரம் செய்தால், பொறிமுறை தெரிந்த ஆதரவாளர் அங்கேயே நின்று யோசிப்பார்.

ஒன்று செய்வதற்கும் ஆயிரம் செய்வதற்கும் இடையில்

வடிவமைத்தவரிடம் கருவி ஒன்று இருக்கிறது, நன்றாக வேலையும் செய்கிறது. அப்படியே செய்து விற்க வேண்டியதுதானே என்று முற்றத்தில் கேட்டார்கள். வேலை செய்கிறது என்று காட்டுவதற்காகச் செய்யப்படும் அந்த ஒன்றை மாதிரி என்பார்கள். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ உழவு இயந்திரப் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைக்குப் படத்தோடு போனால், கைதேர்ந்த ஒருவர் இரண்டு நாளில் ஒரு மாதிரியைச் செய்து தந்துவிடுவார். ஆயிரம் செய்யச் சொன்னால் அவர் சிரிப்பார்.

மருதமுனையில் தறி நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதற் சேலையின் முதல் இழை ஓடுவதற்கு முன் நூலைச் சாயம் போட்டு, பாவு எனப்படும் நீள இழைகளை ஓட்டி, ஒவ்வோர் இழையாகத் தறியில் கோத்து முடிக்க எவ்வளவோ நேரம் போகிறது. ஒரு சேலைக்காக யாரும் பாவு ஓட்டுவதில்லை. ஒரு பாவில் பல சேலைகள் வரும்போதுதான் அந்த உழைப்பு ஒவ்வொரு சேலைமீதும் சிறிதாகப் பங்கிடப்படுகிறது. உலோகக் கருவிக்குப் பாவு என்பது அச்சு. உருக்கிய உலோகத்தை ஊற்றும் வார்ப்பு அச்சோ தகட்டை வெட்டும் அச்சோ, அதைச் செய்யும் செலவு, கருவி ஒன்று விற்றாலும் பத்தாயிரம் விற்றாலும் மாறாது. கணக்கீட்டில் இதை நிலையான கிரயம் என்கிறோம். ஒவ்வொரு கருவிக்கும் வேண்டிய உலோகமும் கூலியும் பெட்டியும் எண்ணிக்கையோடு ஏறி இறங்கும். அது மாறும் கிரயம்.

திரள்நிதி நிரப்புவது நிலையான கிரயத்தின் பள்ளத்தைத்தான். வங்கிக்குப் போனால் காணி உறுதி கேட்கும். கேமின் பிடியில் மாட்டும் கொக்கிக்கு உலகில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று வங்கி முகாமையாளருக்குத் தெரிய வழியில்லை. பெருங்கம்பனிக்குச் சந்தை மிகச் சிறிது. ஆனால் பனிக்காற்றில் விரல் விறைக்க ஒரு கேமோடு அரை மணி நேரம் போராடியவனுக்கு அதன் மதிப்பு தெரியும். என் அபிப்பிராயத்தில் திரள்நிதி நன்றாகப் பொருந்துவது இத்தகைய சிறிய, குறுகிய தேவைகளுக்கே. பணம் கொடுப்பவர்களே பொருளைச் சோதித்து மதிப்பிட வல்லவர்களாக இருப்பதால், பொய் அதிக நாள் நிற்காது. எல்லா வீட்டுக்கும் வேண்டியது என்று ஆரவாரத்தோடு வருபவற்றில் அந்தக் காவல் இல்லை.

பணம் நகரும் வழி

இனிக் கணக்கு. கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. தளத்தின் கட்டணம் மட்டும் நிஜமானது.

அச்சுக்கும் முதற் சோதனைகளுக்கும் 12,000 டொலர் ஆகிறது என்போம். ஒரு கருவியைச் செய்ய 14 டொலர், தபாலில் அனுப்ப 6 டொலர். ஆதரவாளரிடம் கேட்பது 35 டொலர். கிக்ஸ்டார்ட்டர் 5 வீதம் எடுக்கும். கடனட்டையிலிருந்து பணத்தைக் கைமாற்றித் தருபவர் ஏறத்தாழ 3 வீதமும் சில சதங்களும் எடுப்பார். இரண்டும் சேர்ந்து 3 டொலர். 35 இலிருந்து 3, 14, 6 ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 12 டொலர். அச்சின் 12,000 டொலரை அடைக்க ஆயிரம் ஆதரவாளர்கள் வேண்டும். அதாவது 35,000 டொலர் சேர வேண்டும். வடிவமைத்தவர் அறிவிக்கும் இந்தத் தொகைக்கு இலக்குத் தொகை என்று பெயர்.

அந்த 35,000 முழுதாகச் சேர்ந்த அன்று அவருடைய கையில் இலாபம் எவ்வளவு என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் பெரிய எண்ணாகச் சொல்வார்கள். விடை சுழியம். ஓராண்டு வேலைக்கு அவருக்குச் சம்பளமும் அதில் இல்லை. ஊரார் கண்ணுக்குத் தெரிவது சேர்ந்த தொகை. கண்ணுக்குத் தெரியாதது அதில் ஏறத்தாழ முழுவதும் ஏற்கெனவே யாருக்கோ கொடுக்க வேண்டியது என்பது.

இந்த இடத்தில் தளங்களின் விதி ஒன்று முக்கியமாகிறது. கிக்ஸ்டார்ட்டரில் குறித்த நாளுக்குள் இலக்கை எட்டாவிட்டால் எவருடைய அட்டையிலிருந்தும் ஒரு சதமும் எடுக்கப்படாது. முழுதும் அல்லது ஒன்றுமில்லை என்ற இந்த முறை, கேட்பவருக்குக் கடுமையாகத் தோன்றினாலும், கொடுப்பவருக்கு அரண். 286 பேர் மட்டும் சேர்ந்து 10,000 டொலர் கிடைத்தது என்று வையுங்கள். ஆளுக்கு 12 டொலராக மிஞ்சுவது 3,432 மட்டுமே. அச்சுக்கு இன்னும் 8,500 டொலருக்கு மேல் வேண்டும், பணம் பெற்றவர் அதற்கு எங்கே போவார்? அரைகுறைப் பணத்தோடு வேலையைத் தொடங்கி நடுவில் நிற்பதைவிடத் தொடங்காமலிருப்பது எல்லோருக்கும் நல்லது. இண்டிகோகோ, சேர்ந்ததை இலக்கு எட்டாவிட்டாலும் எடுத்துக்கொள்ளும் வசதியையும் வழங்கிவந்திருக்கிறது. நன்கொடைக்கு அது பொருந்தும். அச்சு வார்க்க வேண்டிய பொருளுக்கு அது ஆபத்தான வசதி என்பேன்.

சிலர் வேண்டுமென்றே இலக்கைக் குறைத்து அறிவிப்பார்கள். 35,000 வேண்டிய இடத்தில் 10,000 என்று போட்டால், இரண்டே நாளில் இலக்கைத் தாண்டிவிட்டோம் என்று மார்தட்டலாம், அதைப் பார்த்து இன்னும் பலர் வருவார்கள். வந்தால் பிழைத்தார்கள். வராவிட்டால் மேலே போட்ட கணக்குத்தான்.

சுருங்கச் சொன்னால், இலக்குத் தொகை என்பது ஆசை அளவன்று; நிலையான கிரயத்தை ஒரு பொருளில் மிஞ்சும் தொகையால் வகுத்து வரும் விடையிலிருந்து பிறப்பது. அந்த வகுத்தலை ஆதரவாளரும் கையால் போட்டுப் பார்க்கலாம்.

இலக்குக்கு மேல் பணம் கொட்டினால்

பணம் குறைந்தால் கெட்டது, கூடினால் நல்லது என்று தோன்றும். அப்படியும் இல்லை. பெபிள் என்ற கைக்கடிகாரத்துக்கு 2012 இல் ஓர் இலட்சம் டொலர் கேட்டார்கள். 68,929 பேர் சேர்ந்து ஒரு கோடி டொலருக்கு மேல் கொடுத்தார்கள். ஆயிரம் கடிகாரம் செய்ய எண்ணியிருந்தவர்கள் பல்லாயிரம் செய்ய வேண்டியதாயிற்று. செப்டெம்பரில் தருவதாகச் சொன்னது மறு ஆண்டு ஜனவரியில்தான் அனுப்பத் தொடங்கப்பட்டது. ஆனாலும் அவர்கள் கொடுத்து முடித்தார்கள். 2014 இல் கூலெஸ்ட் என்ற பெயரில், பழம் அரைக்கும் இயந்திரமும் ஒலிபெருக்கியும் பொருத்திய ஒரு பனிக்கட்டிப் பெட்டிக்கு 50,000 டொலர் கேட்டு, 62,000க்கு மேற்பட்டவர்களிடமிருந்து 1 கோடியே 32 இலட்சம் டொலருக்கு மேல் பெற்றார்கள். செய்து அனுப்பும் செலவு அவர்களுடைய கணக்கை மிஞ்சியது. 2019 இல் கம்பனி மூடப்பட்டபோது ஏறத்தாழ 20,000 பேருக்குப் பெட்டி கிடைக்கவே இல்லை. ஒவ்வொரு பெட்டியிலும் நட்டம் என்றால், அதிகம் பேர் வருவது நட்டத்தைப் பெருக்குவதைத் தவிர வேறெதையும் செய்யாது.

தாமதம் விதிவிலக்கன்று, வழமை. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஈத்தன் மோலிக் கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களை ஆராய்ந்து 2014 இல் வெளியிட்ட கட்டுரையில், வெற்றிபெற்ற வடிவமைப்பு, தொழில்நுட்பத் திட்டங்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டவை சொன்ன நாளுக்குப் பிந்தியே பொருளைத் தந்தன என்று காட்டினார். மறு ஆண்டு அவர் நடத்திய பெரிய ஆய்வில், நிதி கிடைத்த திட்டங்களில் ஏறத்தாழ 9 வீதமானவை வாக்களித்ததைக் கொடுக்கவே இல்லை என்று தெரிந்தது. எனவே என் மருமகன் கண்ட எட்டு மாதத் தாமதம் வருத்தத்துக்குரியதே தவிர, ஏமாற்றுக்குச் சான்றாகாது. முற்றத்தில் முதல் தீர்ப்புச் சொன்னவருக்கு இதையே பதிலாகச் சொன்னேன், அவர் ஏற்கவில்லை.

கடை அன்று என்பதன் பொருள்

2012 செப்டெம்பரில் கிக்ஸ்டார்ட்டர் தான் ஒரு கடை இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தது. சாதனம் செய்பவர்கள் கணினியில் வரைந்த பளபளப்பான படங்களைக் காட்டக் கூடாது, உண்மையில் இருக்கும் மாதிரியையே காட்ட வேண்டும், எதிர்வரக்கூடிய இடர்களை எழுத வேண்டும் என்ற விதிகளும் அப்போது வந்தன.

கடையில் வாங்கினால் விற்பவர் பொருளைத் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். திரள்நிதித் தளமோ வீட்டுத் தரகரைப் போன்றது. இருவரையும் சந்திக்க வைத்துத் தன் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறது. ஒப்பந்தம் வடிவமைத்தவருக்கும் ஆதரவாளருக்கும் இடையிலானது. பொருளைத் தர முடியாமற்போனால் வடிவமைத்தவர் பணம் எப்படிச் செலவானது என்று விளக்கி, மிச்சமிருந்தால் திருப்பித் தர வேண்டும் என்பது கிக்ஸ்டார்ட்டரின் நிபந்தனை. மிச்சம் என்ற சொல்லைக் கவனியுங்கள். அச்சு வார்ப்பவரிடம் போய்விட்ட பணம் மிச்சத்தில் சேராது.

மட்டக்களப்பிலிருந்து பார்த்தால்

இங்குள்ளவர் ஒரு திட்டத்துக்கு ஆதரவாளராகச் சேர்வதில் தடையில்லை. சர்வதேசக் கொடுக்கலுக்கு அனுமதியுள்ள வங்கி அட்டை போதும். பொதி வரும்போது தபாற் செலவோடு சுங்க வரியும் சேரலாம் என்பதை முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் திட்டம் தொடங்குவது வேறு. கிக்ஸ்டார்ட்டர் குறிப்பிட்ட சில நாடுகளில் முகவரியும் வங்கிக் கணக்கும் உள்ளவர்களுக்கே அந்த அனுமதியைத் தருகிறது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. வாவியில் இறால் வலை இழுக்க உதவும் ஒரு கருவியை ஏறாவூர் இளைஞர் ஒருவர் கண்டுபிடித்தாலும், அதை வெளிநாட்டில் உள்ள உறவினர் பெயரில்தான் அங்கே வைக்க முடியும். அப்படிச் செய்தால் ஒப்பந்தத்தில் நிற்பவர் உறவினர். வரி அவருக்கு, வழக்கு வந்தால் அதுவும் அவருக்கு, பொருள் பிந்தினால் மின்னஞ்சலில் திட்டு வாங்குவதும் அவரே. பெரியம்மாவின் மகன் கனடாவில் இருக்கிறான் என்று இலேசாகச் சொல்லிவிட்டுப் போகும் விடயமன்று அது.

என் மருமகன் திரும்பிப் போன பின் சென்ற வாரம் எழுதியிருந்தான். கருவி செய்பவர் ஆதரவாளர்களுக்கு ஒரு மடல் அனுப்பியிருக்கிறார். முதல் அச்சில் வந்த கொக்கிகள் இழுவைச் சோதனையில் வளைந்துவிட்டனவாம். தகட்டை இரண்டு மில்லிமீற்றரிலிருந்து மூன்றாகக் கூட்டிப் புதிய அச்சுக்குக் கொடுத்திருக்கிறாராம், இன்னும் நான்கு மாதம் ஆகுமாம். தடிப்புக் கூடினால் சிறிய கேம்கள் இருக்கும் வெடிப்புக்குள் அது நுழையாதே என்று இவன் பதில் எழுதியிருக்கிறான். மற்ற ஆதரவாளர்கள் பலரும் அதையே கேட்டிருப்பதாகச் சொன்னான். அதுவரை இரண்டு நட்டுகளின் கம்பியை மாட்டித்தான் இழுத்துக்கொண்டிருக்கிறான்.